ஆ போய் ஏ வந்தால்

பேச்சை முடிக்கும்போதெல்லாம் அந்த அம்மா "கே தெஸ்கான்சேஸ்" என்பார். மெக்சிகோவில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஸ்பானிஷ் பேசிப் பழக வேண்டும், அவருக்குத் தமிழ் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை, அதனால் வாரத்தில் இரண்டு நாள் வீடியோவில் பேசிக்கொள்வோம். எனக்குத் தூங்கப் போகிற நேரமாக இருந்தால் கடைசி வாக்கியம் இதுதான். நன்றாக ஓய்வெடு, நிம்மதியாகத் தூங்கு என்கிற வாழ்த்து. நானும் அதை ஒரே சொல் மாதிரி, பிரிக்க முடியாத ஒரு கட்டியாக மனதில் வைத்திருந்தேன்.

அதே மாதங்களில்தான் பாடப்புத்தகத்தில் சப்ஜங்க்டிவ் என்ற அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வினைச்சொல் சில இடங்களில் மட்டும் எடுக்கிற ஒரு தனி வடிவம் அது, ஸ்பானிஷ்காரர்கள் சுப்ஹுந்தீவோ என்பார்கள். ஆசைப்பட்டால் வரும், சந்தேகம் என்றால் வரும், உணர்ச்சி என்றால் வரும், கட்டளைக்கு வரும், வாய்ப்பைச் சொன்னால் வரும் என்று ஒரு நீளமான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்குகள். ஒருநாள் தெஸ்கன்சார் (ஓய்வெடுத்தல்) என்ற வினைக்கு அட்டவணை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது வரியில் என் கையே "தெஸ்கான்சேஸ்" என்று எழுதியது. அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ இரவுகள் காதில் விழுந்த சொல், நான் பயந்துகொண்டிருந்த அதே வடிவம்.

அன்றிலிருந்து இதை வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்: இதன் வடிவத்தைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும், உழைப்பெல்லாம் எப்போது போடுவது என்பதில்தான், அதிலும் தமிழ் பேசுகிறவருக்குப் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கிறது.

முதலில் வடிவம். ஸ்பானிஷ் வினைகள் மூன்று வகை. ஆர் என்று முடிபவை, ஏர் என்று முடிபவை, ஈர் என்று முடிபவை. ஆப்லார் என்றால் பேசுதல், கோமேர் என்றால் சாப்பிடுதல், விவீர் என்றால் வாழ்தல், வசித்தல். (நான் வ என்று எழுதுகிற இடங்களில் அவர்கள் வாயில் சொல்லின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ப வரும், நடுவில் உதடுகள் முழுக்க ஒட்டாத மெல்லிய ஒலி வரும். தமிழில் எழுத வசதிக்காக வ போட்டிருக்கிறேன்.) சாதா நிகழ்காலத்தில் ஆர் வகைக்கு ஆ ஓசை: ஆப்லாஸ், பேசுகிறாய். மற்ற இரண்டுக்கும் ஏ ஓசை: கோமேஸ், சாப்பிடுகிறாய், வீவேஸ், வாழ்கிறாய். சப்ஜங்க்டிவ்வில் இந்த இரண்டு ஓசைகளும் இடம் மாறிக்கொள்கின்றன. ஆ இருந்த இடத்தில் ஏ, ஏ இருந்த இடத்தில் ஆ. அவ்வளவுதான் மொத்த விஷயமும்.

ஆப்லோ, அதாவது 'நான் பேசுகிறேன்' என்ற வடிவத்தை எடுத்து, கடைசி ஓ-வைக் கழித்துவிட்டு, மாற்று ஓசையைச் சேர்க்க வேண்டும். ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லேய்ஸ், ஆப்லேன். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில். கோமேர் என்றால் கோமா, கோமாஸ், கோமா, கோமாமோஸ், கோமாய்ஸ், கோமான். 'அவர்கள் சாப்பிட' என்பதற்கு நம் காதில் ஓர் அரசன் வந்து நிற்பதால் அந்த ஒரு வடிவம் எனக்கு முதல் நாளே பதிந்துவிட்டது. விவீர் என்றால் வீவா, வீவாஸ், வீவா, விவாமோஸ், விவாய்ஸ், வீவான். ஐந்தாவதாக நிற்கிற ஆப்லேய்ஸ், கோமாய்ஸ் எல்லாம் ஸ்பெயினில் பல பேரை உரிமையோடு அழைக்கும்போது வருபவை. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்துக்கும் 'அவர்கள்' வடிவமே போதும், அதனால் அங்குள்ளவர்களோடு பேசுகிறவர்கள் இந்த ஐந்தாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் என்பதற்கும் அவர் என்பதற்கும் ஒரே வடிவம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது யார் என்று சூழலிலிருந்து தெரியும், தெரியாவிட்டால் அவர்களும் 'யோ', 'எய்யா' என்று எழுவாயைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்த இடமாற்றம் யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்தது இல்லை. லத்தீனிலேயே இருந்தது. அங்கே 'அமாரே' (நேசித்தல்) என்ற வினை 'அமெத்' ஆகும், 'வீவெரே' (வாழ்தல்) 'வீவத்' ஆகும். கடைசி மெய் உதிர்ந்து, 'வீவத்' என்பது இன்று 'வீவா'. இரண்டாயிரம் வருடமாக இந்த ஓசைகள் இப்படி மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. போர்த்துகீசிய மொழியிலும் இதே கதைதான்.

எழுத்து மாற்றம் என்று ஒன்றைச் சொல்லி எல்லாப் புத்தகமும் பயமுறுத்தும். பூஸ்கார் (தேடுதல்), யெகார் (வந்து சேர்தல்), பாகார் (பணம் கட்டுதல்), க்ருசார் (கடத்தல்), எஸ்கோஹேர் (தேர்ந்தெடுத்தல்) இவையெல்லாம் சப்ஜங்க்டிவ்வில் எழுத்து மாறும், தனியாக மனப்பாடம் செய்யுங்கள் என்பார்கள். நான் ஒருநாள் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். பூஸ்கோ, பூஸ்கே. யேகோ, யேகே. பாகோ, பாகே. க்ரூசோ, க்ரூசே. எஸ்கோஹோ, எஸ்கோஹா. எங்கே மாற்றம்? ஒன்றும் இல்லை! ஒலி அளவில் இவை நூற்றுக்கு நூறு ஒழுங்கான வினைகள். அவர்களுடைய எழுத்துமுறையில் ஏ-க்கு முன்னால் வரும்போது ககர எழுத்து சகரமாகிவிடும் அல்லது ஹகரமாகிவிடும், அதைத் தடுத்து அதே ககர ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்தை மாற்றுகிறார்கள், அல்லது நடுவில் ஊமையாக ஓர் உகரத்தைச் செருகுகிறார்கள். அதாவது ஒலி மாறாமல் இருப்பதற்காகவே எழுத்து மாறுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பட்டியலை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தால் கை தானாகச் சரியாக எழுதுகிறது.

உண்மையிலேயே வழிக்கு வராத வினைகள் ஆறு. இருத்தல், போதல், அறிதல், தருதல் போன்ற அன்றாடச் சொற்கள் அவை. மற்றவை எவ்வளவு முரண்டு பிடித்தாலும் 'நான்' வடிவத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்துவிடும். இந்தக் கட்டுரையில் அந்த ஆறின் பக்கம் போகவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'ஆப்லே' என்று முதல் அசையில் அழுத்தினால் சப்ஜங்க்டிவ். அதே சொல்லைக் கடைசி அசையில் அழுத்தினால் 'நான் பேசினேன்' என்ற இறந்தகாலம். எழுத்தில் கடைசி உயிரின் தலையில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நம் காது இதற்குப் பழகியதில்லை. யேகே, பாகே, தெஸ்கான்சே எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, வடிவம் முடிந்தது. பொருளுக்கு வருவோம்.

அந்த அம்மாவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவாரம் பேசும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு சின்னக் காட்சியைக் காட்டினார். ஒருவர் எழுந்து நின்று "வீவான் லோஸ் நோவியோஸ்!" என்று கத்துகிறார், கூட்டம் முழுக்க "வீவான்!" என்று திருப்பிக் கத்துகிறது. உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். மணமக்கள் வாழ்க. சொல்லிவிட்டு நானே ஒரு நிமிடம் அசந்துபோனேன். விவீர் என்றால் வாழ்தல். வீவான் என்றால் வாழ்க. சொல்லுக்குச் சொல், உறுப்புக்கு உறுப்பு அதே வேலை. நாம் பள்ளியில் படித்த வியங்கோள் வினைமுற்று இது! வாழ்க, வருக, வெல்க, ஒழிக. ஒருவருக்கு நடக்கவேண்டியதைச் சொல்கிறோம், நடக்கிறது என்று சொல்லவில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும். நம் வியங்கோள் ஐம்பால் மூவிடத்துக்கும் பொது. மன்னன் வாழ்க, மக்கள் வாழ்க, நீ வாழ்க, தமிழ் வாழ்க, எல்லாவற்றுக்கும் ஒரே 'வாழ்க'. ஸ்பானிஷில் ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும். மணமக்கள் இரண்டு பேர், அதனால் வீவான். ஒரு நாடு என்றால் வீவா. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ நகரத்தில் தேசிய மாளிகையின் மாடத்தில் நின்று நாட்டின் அதிபர் மணியடித்து, கடைசியில் மூன்று முறை "வீவா மெஹிகோ!" என்று முழங்க, கீழே சதுக்கத்தில் நிற்கிற கூட்டம் ஒவ்வொன்றுக்கும் "வீவா!" என்று பதில் கொடுக்கும். 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் தொலோரெஸ் என்ற ஊரில் மிகேல் இதால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடித்து மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்ததன் நினைவு அது. அங்கே முழங்குகிற சொல் சப்ஜங்க்டிவ் அட்டவணையின் மூன்றாவது வரி. அதைக் கத்துகிற குழந்தை யாரும் அட்டவணை படித்துவிட்டு வரவில்லை.

வாழ்க என்பதோடு 'கே' என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தால் நம் '-ட்டும்' வந்துவிடுகிறது. கே ஆப்லே: அவர் பேசட்டும். கே கோமான்: அவர்கள் சாப்பிடட்டும். மருத்துவர் அறைக்கு வெளியே "கே பாசே எல் சிகியேந்தே" என்று குரல் வந்தால், அடுத்தவர் உள்ளே வரட்டும் என்று பொருள். ஸ்பெயினில் சாப்பிட உட்கார்ந்திருப்பவரைக் கடந்து போகும்போது "கே அப்ரோவேச்சே" என்பார்கள். உண்பது உடம்பில் நன்றாக ஒட்டட்டும் என்பது மாதிரி. இரங்கல் அறிவிப்புகளில் பெயருக்குப் பக்கத்தில் நான்கு எழுத்துகள் மட்டும் நிற்கும், அதை விரித்தால் "கே என் பாஸ் தெஸ்கான்சே". ஆன்மா சாந்தி அடையட்டும். தெஸ்கன்சார், அதே ஓய்வெடுத்தல். எனக்கு இரவு வணக்கம் சொல்ல அந்த அம்மா எடுத்த வினையைத்தான் இறந்தவருக்கும் எடுக்கிறார்கள், விகுதியில் ஒரு ஸ் மட்டும் இல்லை. முதன்முதலில் இதைக் கவனித்தபோது மனதை என்னவோ செய்தது.

அந்த ஸ் இருப்பதும் இல்லாததும் மரியாதை விஷயமும்கூட. அவர் என்னை 'நீ' என்று அழைப்பதால் தெஸ்கான்சேஸ். நான் அவரை அப்படி அழைக்கக் கூடாது. அவருக்கு இரவாக இருக்கும் நாட்களில் "கே தெஸ்கான்சே, மாயெஸ்த்ரா" என்று ஸ் இல்லாமல் சொல்ல வேண்டும். மாயெஸ்த்ரா என்றால் ஆசிரியை. முதல் சில வாரங்கள் கேட்டதை அப்படியே திருப்பி, அவருக்கும் தெஸ்கான்சேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதில் மூத்தவரிடம் நம் ஊர்ப் பேச்சில் "தூங்கு" என்று சொல்லியிருக்கிறோம் என்பது புரிந்தபோது எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

மரியாதைக்கு ஏன் 'அவர்' வடிவம்? 'உஸ்தேத்' என்ற மரியாதைச் சொல் ஒரு காலத்தில் 'வுயெஸ்த்ரா மெர்சேத்' என்று இருந்தது. தங்கள் அருள், தங்கள் சமூகம் என்பது போன்ற பழைய விளிப்பு. சமூகம் என்பது மூன்றாமிடம், ஆகவே வினையும் மூன்றாமிடம். ஒருவரைப் பணிவோடு பேசச் சொல்ல வேண்டுமானால் "ஆப்லே" என்கிறார்கள், அதன் அடியில் கிடப்பது 'தங்கள் சமூகம் பேசுக'. உள்ளே வாருங்கள் என்பதற்குப் பாசே, காத்திருங்கள் என்பதற்கு எஸ்பேரே, எழுதுங்கள் என்பதற்கு எஸ்க்ரீவா. தெருவில் தெரியாத ஒருவரிடம் பேசும் முதல் வாக்கியத்திலேயே சப்ஜங்க்டிவ் வந்துவிடுகிறது, ஆனால் பாடப்புத்தகம் இதைக் கட்டளை என்ற தலைப்பில் முன்னாலேயே கொடுத்துவிடுவதால் இரண்டும் ஒன்று என்று யாருக்கும் தெரிவதில்லை. எதிர்மறைக் கட்டளையும் அப்படியே. பேசு என்பதற்கு 'ஆப்லா', பேசாதே என்பதற்கு 'நோ ஆப்லேஸ்'. சாப்பிடு என்பதற்கு 'கோமே', சாப்பிடாதே என்பதற்கு 'நோ கோமாஸ்'. தமிழிலும் பேசு, பேசாதே இரண்டும் வேறு வேறு உருவம்தான், அதனால் இது எனக்கு விநோதமாகப் படவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. 1492-இல் நெப்ரீஹா என்ற அறிஞர் காஸ்தெய்யானோ மொழிக்கு, அதாவது இன்று நாம் ஸ்பானிஷ் என்பதற்கு, முதல் அச்சிட்ட இலக்கணத்தை வெளியிட்டார். அதில் வினைக்கு ஐந்து மனநிலைகள் என்று சொல்கிறார். ஏவலைத் தனியாக வைக்கிறார். வாழ்த்து, விருப்பம் ஆகியவற்றுக்கு ஒப்தாதீவோ என்று ஒன்று, வாக்கியத்தோடு இணைந்து வருவதற்கு சுப்ஹுந்தீவோ என்று இன்னொன்று. நம் வியங்கோளைப் பிற மொழியாளருக்கு விளக்கும்போது அந்த முதல் பெயரைத்தான் சொல்கிறோம். இன்று அவை ஒன்றாகி சுப்ஹுந்தீவோ மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெயரின் பொருளே 'கீழே இணைக்கப்பட்டது' என்பதுதான், ஆசை என்றோ சந்தேகம் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. ஒப்தாதீவோ என்ற பெயர் தனியாக நிலைத்திருந்தால் தமிழர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

வாழ்த்துச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஓஹலா'. நடந்தால் நன்றாக இருக்குமே என்ற ஏக்கம் முழுவதும் ஒரே சொல்லில். இது லத்தீன் கொடுத்த சொல் இல்லை. 711 முதல் 1492 வரை ஐபீரிய தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி நடந்த காலத்தில் அங்கே பேசிய அரபியிலிருந்து வந்தது, இறைவன் நாடினால் என்ற தொடரின் எச்சம். இதற்குப் பின்னால் வரும் வினை எப்போதும் சப்ஜங்க்டிவ்தான், வேறு பேச்சே இல்லை. "ஓஹலா யேகே" என்றால் அவர் வந்து சேரட்டுமே, சேர்ந்தால் நல்லது. எப்போது போடுவது என்ற குழப்பமே வராத இடம் என்பதால், புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் ஓஹலாவோடு பத்து வாக்கியம் எழுதிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

இதுவரை வந்ததெல்லாம் தனித்து நிற்கும் வாக்கியங்கள். வாக்கியத்துக்குள் வாக்கியம் வரும்போதுதான் உண்மையான சிரமம். எனக்கு அங்கே வெளிச்சம் போட்டது ஒரே ஒரு ஜோடி.

எல் மேதிகோ தீசே கே தெஸ்கான்சாஸ். எல் மேதிகோ தீசே கே தெஸ்கான்சேஸ்.

இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மேதிகோ என்றால் மருத்துவர், தீசே என்றால் சொல்கிறார். மீதி எல்லாம் அப்படியே இருக்க, கடைசிச் சொல்லில் ஓர் ஆ, ஏ ஆகியிருக்கிறது. முதலாவது: நீ ஓய்வெடுக்கிறாய் என்று மருத்துவர் சொல்கிறார். இரண்டாவது: உன்னை ஓய்வெடுக்கச் சொல்கிறார் மருத்துவர். ஒன்று தகவல், இன்னொன்று உத்தரவு. தமிழில் இதற்கு வாக்கியத்தையே வேறு மாதிரி கட்டுகிறோம். 'நீ' என்பது 'உன்னை' ஆகிறது, 'என்று' காணாமல் போகிறது, 'எடுக்கிறாய்' என்பது 'எடுக்க' ஆகிறது. அவ்வளவு வேலையையும் அவர்கள் ஓர் உயிரெழுத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஜோடியை வைத்துக்கொண்டு யோசித்தபோது, சந்தேகம் வந்தால் சப்ஜங்க்டிவ் என்று சொல்லித் தருவது எவ்வளவு தவறு என்று தெரிந்தது. இதில் எங்கே சந்தேகம்? இன்னும் இருக்கிறது. "மே அலேக்ரோ தே கே வீவாஸ் ஆகி", நீ இங்கே வசிப்பதில் எனக்கு மகிழ்ச்சி. நீ இங்கே வசிக்கிறாய், இரண்டு பேருக்கும் தெரியும், ஐயமே இல்லை, ஆனாலும் வீவாஸ். மறுபக்கம் "ஆ லோ மேஹோர் ஆப்லா", ஒருவேளை பேசலாம். முழுக்க ஊகம், ஆனாலும் சாதா வடிவம்தான் வரும். "சுவேன்யோ கே வீவோ..." நான் எங்கோ வாழ்வதாகக் கனவு காண்கிறேன். கனவைவிட உண்மையில்லாதது எது? அதற்கும் சாதா வடிவம். உண்மையா பொய்யா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் விளக்க முடியாது.

வேறு கேள்வி வேண்டும். நான் கேட்டுக்கொள்வது இது: 'கே'-க்குப் பின்னால் வரும் செய்தியை நான் செய்தியாக அறிவிக்கிறேனா? அறிவித்தால் சாதா வடிவம். சும்மா தொட்டுக்காட்டுகிறேன், ஆசைப்படுகிறேன், மறுக்கிறேன், அதைப்பற்றி வேறு ஏதோ சொல்கிறேன் என்றால் சப்ஜங்க்டிவ். "க்ரேயோ கே ஆப்லா எஸ்பன்யோல்", அவர் ஸ்பானிஷ் பேசுவார் என்று நினைக்கிறேன். நினைப்புதான், ஆனால் என் சார்பில் ஒரு செய்தியை எடுத்து வைக்கிறேன். "நோ க்ரேயோ கே ஆப்லே எஸ்பன்யோல்", பேசுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே 'பேசுவார்' என்பதை நான் எடுத்து வைக்கவில்லை, தள்ளி வைக்கிறேன். நீ இங்கே வசிப்பதில் மகிழ்ச்சி என்னும்போது நீ வசிக்கிறாய் என்பது செய்தியே இல்லை, என் மகிழ்ச்சிதான் செய்தி. தமிழும் அதை உணர்ந்திருக்கிறது பாருங்கள், 'வசிக்கிறாய் என்று மகிழ்ச்சி' என்று நாம் சொல்வதில்லை, 'வசிப்பதில்' என்று வினையைப் பெயராக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறோம். கனவு காண்பவன் தன் கனவுக்குள் நடப்பதை அப்படியே விவரிக்கிறான், அது அறிவிப்புதான், அதனால் சாதா வடிவம்.

ஆசையைச் சொல்லும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும், ஆள் ஒன்றா இரண்டா என்று. "கியேரோ கோமேர்", எனக்குச் சாப்பிட வேண்டும். ஆசைப்படுகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒருவர், அதனால் வினையின் பெயர் வடிவமே போதும். "கியேரோ கே கோமாஸ்", நீ சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆள் மாறியதும் கே வருகிறது, கோமாஸ் வருகிறது. "எஸ்பேரோ கே யேகே மன்யானா" என்றால் அவர் நாளை வந்து சேர்வார் என்று எதிர்பார்க்கிறேன். எதிர்காலத்துக்கும் இதே வடிவம்தான், தனியாக ஒன்று தேட வேண்டாம்.

பெயரெச்சம் வருகிற இடம் தமிழர்களுக்கு ரொம்ப ருசிக்கும். "பூஸ்கோ ஆ ஊனா ப்ரொஃபெசோரா கே ஆப்லா தமில்" என்றால் தமிழ் பேசுகிற ஓர் ஆசிரியையைத் தேடுகிறேன், அவர் இருக்கிறார், எனக்குத் தெரியும், எங்கே என்றுதான் தெரியவில்லை. "பூஸ்கோ ஊனா ப்ரொஃபெசோரா கே ஆப்லே தமில்" என்றால் தமிழ் பேசக்கூடிய ஆசிரியை யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறேன், அப்படி ஒருவர் இருக்கிறாரோ இல்லையோ. 'பேசுகிற' என்பதற்கும் 'பேசக்கூடிய யாராவது' என்பதற்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில். கூடவே, குறிப்பிட்ட ஆளைத் தேடும்போது முன்னால் வந்த அந்தச் சின்ன 'ஆ', யாராவது என்னும்போது காணாமல் போவதையும் பாருங்கள். நம் 'ஐ' உருபு மாதிரிதான் அதுவும். ஆசிரியையைத் தேடுகிறேன், ஆசிரியை தேடுகிறேன்.

"அவுன்கே வீவா லேஹோஸ்", தூரத்தில் வசித்தாலும். நம் '-ஆலும்' அச்சாக அதே. தூரத்தில்தான் வசிக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால்கூட 'வசித்தாலும் என்ன, போய்ப் பார்ப்பேன்' என்கிறோமே, அவர்களும் அப்படியே வீவா போடுவார்கள். தூரம் என்பதைப் புதுச் செய்தியாகச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் "அவுன்கே வீவே லேஹோஸ்", அவர் வசிப்பது தூரத்தில்தான், இருந்தாலும்.

இந்த '-ஆலும்' கொடுத்த தைரியத்தில் '-ஆல்' விகுதிக்கும் சப்ஜங்க்டிவ் போட்டுவிடாதீர்கள். பேசினால், சாப்பிட்டால் என்பவை நமக்கு நடக்காத விஷயமாகவே தோன்றும், கை தானாக ஏ-வைத் தேடும். ஆனால் 'சி' என்ற சொல்லுக்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வராது. "சி ஆப்லாஸ்" மட்டுமே. என்னுடைய கேள்வி இங்கே உதவாது, இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். நான் அதிகம் திருத்து வாங்கியது இந்த ஒரு சொல்லில்.

'குவாந்தோ', அதாவது எப்போது, -போது என்ற சொல் இரண்டுக்கும் வரும். தினமும் நடப்பதைச் சொன்னால் சாதா வடிவம்: "குவாந்தோ யேகா", அவர் வரும்போதெல்லாம். இனிமேல் நடக்க வேண்டியது என்றால் "குவாந்தோ யேகே", அவர் வந்ததும். நாளைக்கு நடக்கப்போவதற்கு நாம் 'வந்ததும்' என்று இறந்தகாலத்தைப் போடுகிறோம், அவர்கள் ஏ போடுகிறார்கள். இன்னும் நடக்காததை நடந்ததாக அறிவிக்க இரண்டு மொழிக்கும் மனம் வரவில்லை, ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

'பாரா கே' என்ற தொடருக்கும் (-வதற்காக) 'ஆந்தேஸ் தே கே' என்பதற்கும் (-வதற்கு முன்) எப்போதும் சப்ஜங்க்டிவ், யோசிக்கவே வேண்டாம். 'கிசாஸ்', 'தால் வேஸ்' என்ற 'ஒருவேளை'கள் வினைக்கு முன்னால் வந்தால் இரண்டு வடிவமும் சரி, சொல்பவர் எவ்வளவு தூரம் நம்புகிறார் என்பதைப் பொறுத்தது.

இதையெல்லாம் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்று போன வாரம் அந்த அம்மாவிடம் சொன்னேன். தன் மொழியின் ஓர் அட்டவணையைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியுமா என்று வியந்தார், வாழ்க என்ற சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார், ழகரம் வரும்வரை விடவில்லை. அன்று இரவு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "குவாந்தோ தெர்மினேஸ், மாந்தாமேலோ." முடித்ததும் எனக்கு அனுப்பு. தெர்மினார் என்றால் முடித்தல், ஆர் வகை, ஒழுங்கான வினை, நான் இன்னும் முடிக்காததால் ஏ. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் இதைப் பதிவேற்றியதும் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன்.